தங்கபுஷ்பம் இறந்ததை ஏன் யாரும் நம்பவில்லை

தங்கபுஷ்பம் இறந்த காலையில், அவர் சிரித்துக்கொண்டிருந்த முகத்துக்குக் கீழேயே அவர் இறந்த செய்தியை ஓடவிட்டார்கள். பொய்ச் செய்தி சொல்லி ஆட்களை ஏமாற்றுவதற்கென்று வைத்திருந்த அதே சிவப்பு எழுத்தில், அதே மணிச் சத்தத்தோடு ஓடவிட்டார்கள். செய்தவர்கள், அவர் பல ஆண்டுகள் காலை நிகழ்ச்சி நடத்திய தாராவி கேபிள் சேனல்காரர்கள். பூசி மெழுக எனக்குத் தெரியாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பல் விளக்கிக்கொண்டே அவரைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு எழுத்தைத் தெரியும். ‘நம்பிட்டீங்களா?’ என்று ஓர் அயிட்டம். கீழே ஒரு பொய்ச் செய்தி ஓடும். தெரிந்தவர் யாரையாவது விட்டு ஒரு வீட்டுக்குப் போன் போட்டு அதையே உண்மை போலச் சொல்லவைப்பார்கள். விளம்பரம் முடிந்ததும் வந்து, நம்பிட்டீங்களா என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

அன்று நான் தொண்ணூறு அடி ரோட்டில் டீக்கடையில் நின்றிருந்தேன். டிவியில் முந்தின நாள் எடுத்த சமையல் ஓடிக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் வாழைப்பூவை ஆய்ந்தபடி எதற்கோ சிரித்தார். மணி அடித்தது. ‘நமது தங்கபுஷ்பம் இன்று அதிகாலை மாரடைப்பால் காலமானார்’ என்று எழுத்து ஓடியது.

கடைக்கார முருகன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: “ஆரம்பிச்சுட்டானுவ. விளம்பரம் முடியட்டும், அக்காவே வந்து நம்பிட்டீங்களான்னு கேப்பாவ.”

நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தங்கபுஷ்பத்தின் நம்பருக்கு அடித்தேன். எடுத்தது அவருடைய பக்கத்து வீட்டு மேரி. “நிசந்தான் அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில இருந்துதான் பேசுதேன்” என்று அழுதார். நான் முருகனிடம் சொன்னேன். “உங்களையும் சேத்துக்கிட்டானுவளா அண்ணாச்சி?” என்றான். விளம்பரம் முடிந்தது. ஒரு பாட்டு வந்தது. அது முடிந்து இன்னொரு பாட்டு வந்தது. பொய் என்று சொல்ல யாரும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராக டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

கல்யாணில் அவருடைய அக்கா பேச்சியம்மாள் இருக்கிறார். கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். நிகழ்ச்சி இப்போது செல்போனிலும் வருவதால் தினமும் பார்ப்பார். மேரி அவருக்குப் போன் போட்டுச் சொன்னபோது பேச்சியம்மாள் சிரித்திருக்கிறார்.

“ஏட்டி மேரி, உன்னையும் வளைச்சுப் போட்டுட்டானுவளா? இந்தா, அவ வாழைப்பூ ஆஞ்சுக்கிட்டு இருக்கா. உங்கக்கா நம்பலன்னு அவகிட்டச் சொல்லு.”

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். பிறகு நான் பேசினேன். “பேச்சியம்மா, நான்தான். நிசம்” என்றேன். “நீங்க விளையாட்டுக்குப் பேச மாட்டீயளே அண்ணாச்சி” என்றார். அவ்வளவுதான்.

வந்து தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்தவர் அழவில்லை. வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னார்: “எந்தங்கச்சி செத்துட்டான்னு சொன்னதுக்கு நான் சிரிச்சேன். வாய்விட்டுச் சிரிச்சேன்.” இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். “எழுதுங்க. எல்லாருக்கும் தெரியட்டும்” என்றார்.

தங்கபுஷ்பமும் நானும் ஒன்றாகத்தான் அந்தக் காலை நிகழ்ச்சியைத் தொடங்கினோம். எனக்குத் தோல் பை தைக்கும் தொழில். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. பட்டறைக்கு வரும் தமிழ்ப் பேப்பரைப் படித்துப் படித்துச் செய்தி வாசிக்க வந்தவன். பாட்டு, சமையல், பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் அவர் பொறுப்பு. வந்த முதல் வாரமே சண்டை. நாட்டு நடப்பைத்தான் முதலில் வாசிக்க வேண்டும் என்றேன். அவர் ஒப்பவில்லை.

“அண்ணாச்சி, அவன் இன்னும் முகமே கழுவல. முதல்ல குழாயில தண்ணி எப்ப வருது, ரயில் ஓடுதான்னு சொல்லுங்க. பொறவு ஒரு பாட்டு. அதுக்குப் பொறவு நாட்டைப் பத்திச் சொன்னா உக்காந்து கேப்பான். எடுத்ததும் நாட்டைச் சொன்னீயன்னா இந்திச் சேனலுக்குப் போயிருவான்.”

தண்ணீர் முதலில் வந்தது. அதில் அவர் சொன்னது சரி. மற்றதில் நான் விட்டுக்கொடுத்ததில்லை.

துக்கச் செய்திகளை அவர் கேட்டு வாங்கி வாசித்தார். எங்கள் ஆட்கள் துஷ்டி என்று சொல்லும் சாவு வீட்டுக்குப் பம்பாயில் இருக்கும் ஊர்க்காரர்களைத் திரட்ட அதுதான் வழி. அதை வாசித்துவிட்டு நேரே பிறந்தநாள் வாழ்த்துக்குப் போகமாட்டார். ஒரு செம்பை எடுத்து, கேமரா முன்னாலேயே, அவசரமில்லாமல் தண்ணீர் குடிப்பார். செம்பைக் கீழே வைத்தபிறகுதான் முகம் மாறும். தங்கபுஷ்பம் தண்ணீர் குடித்துவிட்டால் சிரிக்கலாம் என்பது வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. சேனல் முதலாளி ஒருமுறை, அந்த நேரத்தில் ஒரு விளம்பரம் போடலாமே என்றார். “போடுங்க. நீங்களே வந்து துஷ்டியும் படிச்சிருங்க” என்றார் தங்கபுஷ்பம். முதலாளி அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் பக்கத்துச் சந்து ஒன்றில் சுவர் விழுந்து இரண்டு பேர் போய்விட்டார்கள். அதே சந்தில் ஒரு சிறுமிக்கு அன்று பிறந்தநாள். பெயர் முன்பே வந்திருந்தது. வாசிக்கவே கூடாது என்றேன். தங்கபுஷ்பம் அந்தச் சிறுமியின் அம்மாவுக்குப் போன் போட்டார். பிள்ளை விடிந்ததிலிருந்து புதுச் சட்டையோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது என்று அந்த அம்மா சொன்னார். தங்கபுஷ்பம் பெயரை மட்டும் வாசித்தார். பாட்டில்லை, சிரிப்பில்லை. “உன் தெருவுக்கு இன்னைக்குக் கஷ்டம். நீ நல்லா இருக்கணும் தாயி” என்றார். வாசித்திருக்கக் கூடாது என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் கேட்டுவிட்டு வாசித்தார். அதை மறுக்க மாட்டேன்.

அவரும் தவறு செய்திருக்கிறார். ஒரே ஊர், ஒரே குலசாமி, அதனால் ஒரே பெயர் என்பது எங்கள் சந்துகளில் சாதாரணம். ஒரு சந்தில் இரண்டு சுடலைமுத்து. ஒருவர் இறந்துபோக, இன்னொருவரின் அப்பா பெயரைச் சேர்த்து வாசித்துவிட்டார். நிகழ்ச்சி முடிவதற்குள் உயிரோடிருக்கும் சுடலைமுத்து ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார். “ஏ தாயி, எங்க வீட்டுல ஒப்பாரி வச்சுட்டாவ, நான் கக்கூஸுக்குப் போயிட்டு வரதுக்குள்ள.” தங்கபுஷ்பம் அவரை உள்ளே கூப்பிட்டுத் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். தான் நின்றுகொண்டு, “இவிய நல்லா இருக்காவ. தப்பு என்னுது” என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். வந்தவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வந்ததற்கு ஒரு பாட்டுப் போடு என்றார்.

“உமக்குப் பாட்டு நாளைக்கு. அந்தச் சுடலைமுத்தை இன்னும் எடுக்கல” என்றார் தங்கபுஷ்பம்.

முதலாளியின் மருமகன் பொறுப்புக்கு வந்தபிறகு ‘நம்பிட்டீங்களா?’ வந்தது. நாளைக்குத் தண்ணீர் வராது என்று ஒருநாள் ஓடவிட்டார்கள். பெண்கள் வேலைக்குப் போவதை விட்டுவிட்டுக் குடத்தோடு ஓடியதைப் படம் பிடித்துப் போட்டுச் சிரித்தார்கள். அன்றே நான் எழுந்து வந்துவிட்டேன். தங்கபுஷ்பத்தையும் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. “நானும் போயிட்டா இருக்க கொஞ்சம் செய்தியையும் தூக்கிருவாவ அண்ணாச்சி. நான் உக்காந்திருக்க வரைக்கும் சாவை வச்சு விளையாட விடமாட்டேன்” என்றார். அவர் உட்கார்ந்திருந்தவரை விடவுமில்லை.

காரியம் முடிந்து சேனலுக்குப் போனேன். மருமகன் எழுந்து நின்று மரியாதையாகத்தான் பேசினார்.

“அங்கிள், வேணும்னு பண்ணல. நமக்கு இருக்கிறது ஒரே ஸ்க்ரோல்தான். டைப் பண்ணாங்க, ஓடிடுச்சு. மேல ரெக்கார்டட் எபிசோட், அது தனியா ஷெட்யூல். நாளைக்கு ஆன்ட்டிக்கு ஒரு ட்ரிப்யூட் போடுறோம், பேக்கிரவுண்ட்ல சோக மியூசிக் வச்சு.”

ஒவ்வொரு நாளும் நான் வாசிக்கப்போகுமுன் தங்கபுஷ்பம் என்னிடம் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. அதையே மருமகனிடம் கேட்டேன்: “அதுக்கு அடுத்து என்ன வருது?”

“அடுத்து... ‘நம்பிட்டீங்களா?’தான் அங்கிள். ஸ்பான்சர் இருக்காங்கல்ல.”

வெளியே வந்து ரோட்டில் நின்றேன். அவர் திமிராகப் பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். என்ன நடந்தது என்பதே அவருக்குப் புரியவில்லை என்பதுதான் இன்னும் என்னை உலுக்குகிறது.

தங்கபுஷ்பத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றுதான். இருபது தடவையாவது அதற்கு எரிச்சல்பட்டிருக்கிறேன். செய்தியைச் சரியாக வாசித்தால் போதாதா என்று நினைத்தவன் நான். போதாது. பக்கத்தில் என்ன நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி நடக்க வேண்டியவை.

முதலாளி, மருமகனை அனுப்பாமல் தானே வந்து அந்தக் காலை நேரத்தில் உட்கார்ந்து, இசை எதுவும் இல்லாமல், நடந்தது சேனலின் குற்றம் என்று சொல்ல வேண்டும். கல்யாண் பேச்சியம்மாளின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மருமகன் ‘நம்பிட்டீங்களா?’வை நிறுத்த வேண்டும். பெயரை மாற்றி வேறு நேரத்தில் போடுவது நிறுத்துவதாகாது.

எழுத்து ஓட்டுகிறவர்கள் துக்கச் செய்திக்கென்று தனி எழுத்து வைக்க வேண்டும். ஓட்டுமுன் மேலே என்ன படம் போகிறது என்று தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

அந்த அயிட்டத்துக்கு விளம்பரம் கொடுக்கும் நம் கடைக்காரர்கள் அதை இந்த மாதமே நிறுத்த வேண்டும். உங்கள் வீட்டுத் துக்கமும் அந்த எழுத்தில்தான் ஓடும்.

குடத்தோடு ஓடிய பெண்களைப் பார்த்துச் சிரித்தவர்கள், அதை இனிப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

நான் திரும்பப் போய்ச் செய்தி வாசிக்க வேண்டும். கூப்பிட மாட்டார்கள். போவேன்.

பேச்சியம்மாள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை.