கனடா ஜன்னலில் ஒரு வாண்டா

என் மகள் கனடாவுக்குப் போன முதல் வருஷம், குளிர் ஆரம்பிக்கும் நேரத்தில் ஒரு வாண்டா வாங்கினாள். நான் வாங்கச் சொல்லவில்லை. பூக்கடையில் ஊதாப் பூவோடு தொங்கிக்கொண்டிருந்ததாம், நம் வீட்டு ஜன்னல் ஞாபகம் வந்ததாம். வேறு அப்பாவாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். எனக்கு முதலில் வந்தது பயம்தான். யாராவது வீடு வாங்கியதாகச் சொன்னால் கூரை ஒழுகுமா என்று கேட்கிற ஆள் நான்.

வாண்டா ஒரு ஆர்க்கிட் வகை. அதற்கு மண் வேண்டாம், தொட்டி வேண்டாம். ஒரு மரச்சட்டக் கூடையில் தொங்கவிட்டால் முழ நீளத்துக்கு வேர்களைக் காற்றில் இறக்கிக்கொண்டு வளரும். அது கேட்பது வெயிலும் புழுக்கமும். நாங்கள் இருக்கும் செம்பூரில் அந்த இரண்டுக்கும் பஞ்சமே இல்லை. திலக் நகரில் எங்கள் நாலாவது மாடி ஜன்னல் கிரில்லில் பதினோரு வாண்டாக்கள் தொங்குகின்றன. தினமும் காலையில் ஒவ்வொன்றாக இறக்கி, பாத்ரூம் பக்கெட்டில் கால் மணி நேரம் வேரை முக்கி வைத்துத் திரும்ப மாட்டுவேன். சொட்டுகிற தண்ணீர் கீழ் மாடித் துணிகளில் விழும். "அங்கிள், பானி கிர் ரஹா ஹை" என்று கீழேயிருந்து தினமும் இந்தியில் ஒரு புகார் வரும்.

ஆனால் கனடாவில், ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஊரில், ஹீட்டர் காற்று உதட்டையே வெடிக்க வைக்கும் அறையில் ஒரு வாண்டா எப்படிப் பிழைக்கும்? நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு, அவளுக்கு அப்போது காலை ஒன்பது, வீடியோவில் பாடம் நடத்த ஆரம்பித்தேன். தெற்குப் பார்த்த ஜன்னலில் மாட்டு, ஆனால் இலை கண்ணாடியில் படக்கூடாது. மேலே ஒரு செடி விளக்கு போடு, பன்னிரண்டு மணி நேரம் எரியட்டும். தினமும் பக்கெட்டில் குழாய்த் தண்ணீர் பிடித்துக் கால் மணி நேரம் முக்கு. எல்லாவற்றுக்கும் "சரிப்பா" என்றாள்.

மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவள் அம்மா "சாப்டியா" என்பாள். நான் "செடி எப்படி இருக்கு" என்பேன். அவள் இரண்டுக்கும் சேர்த்து "நன்னா இருக்கு" என்பாள். அதோடு போன் முடிந்துவிடும்.

நவம்பரில் வேர்கள் பழுப்பேறின. கேமராவைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னேன். நுனியெல்லாம் கொழகொழத்துக் கிடந்தது.

"தினம் முக்கறியா இல்லையா?"

"முக்கறேன்பா. நீங்க சொன்ன மாதிரியேதான்."

"அப்புறம் ஏன் அழுகறது? ஒரு செடியைப் பாத்துக்கத் தெரியாதா உனக்கு? எதுலயும் கவனம் கெடையாது."

பக்கத்திலிருந்த என் மனைவி என் முழங்கையை இடித்தாள். எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டு கிடையாது. அது தெரிந்தும் நான் அதைப் பெரிய குறையாக நினைத்ததில்லை.

பத்து நாள் கழித்து முலுண்டில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குக் கிளம்பினேன். குர்லாவில் ரயில் மாறி, நின்றுகொண்டே போனைப் பார்த்துக்கொண்டு போனேன். ஆர்க்கிட் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். பனி விழும் ஊரில் இருக்கும் ஒரு அம்மாள் அதில் எழுதியிருந்தார்: குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரை நேராக வாண்டாவுக்குக் காட்டாதீர்கள், ஐஸ் மாதிரி இருக்கும், வேர் அழுகிப் போய்விடும்.

அதை இரண்டு தடவை படித்தேன். எங்கள் பில்டிங்கின் மொட்டை மாடி டாங்கியிலிருந்து மத்தியானத்தில் கையைச் சுடுகிற தண்ணீர் வரும். அறுபத்து மூன்று வருஷத்தில் குழாய்த் தண்ணீர் குளிரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தினமும் காலையில் என் பெண் என் பேச்சைக் கேட்டு, தன் கை விறைக்க விறைக்க, அந்தச் செடியை ஐஸ் தண்ணீரில் முக்கியிருக்கிறாள். அவள் கை விறைத்திருக்குமே என்பது விக்ரோலி ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. முதலில் தோன்றியது செடிதான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "இனிமே தண்ணிய வெதுவெதுன்னு பண்ணிண்டு முக்கு" என்று மட்டும் சொன்னேன். முதலில் சொன்னது தப்பு, செடி கெட்டது என்னால்தான், உன்னால் இல்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். வாய் வரவில்லை. அப்பா என்கிற கெத்து.

ஜனவரியில் எனக்குத் தூக்கம் போக ஆரம்பித்தது. அவளோடு தங்கியிருந்த பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஆபீஸ் வேலையும் வீட்டிலிருந்தபடியே. மூன்று ஞாயிறாக அதே சாம்பல் நிற ஸ்வெட்டர். பேசும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு எங்கோ பார்ப்பாள். "கொஞ்சம் எளைச்சிருக்கா, அவ்வளவுதான்" என்றாள் என் மனைவி. நான் அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் தொங்கிய வேர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாண்டாவின் வேர் காய்ந்திருந்தால் வெள்ளையாக இருக்கும், நனைந்திருந்தால் பச்சையாக மாறும். அழுகியது போக மிச்சமிருந்த வேர்கள் ஒவ்வொரு ஞாயிறும் பச்சையாகவே இருந்தன. எழுந்திருக்கிறாள், தண்ணீர் காட்டுகிறாள், அப்படியானால் சரியாகத்தான் இருக்கிறாள் என்று என்னையே நான் தேற்றிக்கொண்டேன்.

மாதக் கடைசியில்தான் அந்த இலைகள் கண்ணில் பட்டன. வேர் கரும்பச்சையாக இருந்தது. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டுகூட இருந்தது. ஆனால் இலைகள் மடித்து வைத்த துணி போலச் சுருக்கம் விழுந்து தொங்கின. தினமும் தண்ணீர் குடித்த வாண்டாவின் இலை அப்படி ஆகாது. வாரம் முழுக்கக் காயப்போட்டுவிட்டு, நான் கூப்பிடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அதை முக்கி எடுத்து மாட்டியிருக்கிறாள். இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு மட்டும் மேஜை துடைக்கிற ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்தவனுக்கு அது தெரியாதா?

செடிக்கு ஒப்பனை போட்டவள் தனக்கும் போட்டுக்கொண்டுதானே கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மற்ற ஆறு நாளும் அந்த அறையில் என்ன நடக்கிறது? தன்னை ஏதாவது செய்துகொண்டுவிடுவாளோ என்ற நினைப்பு அப்போதுதான் முதல் தடவை வந்தது. வந்த பிறகு போகவே இல்லை. மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தேன். காலையில் வாண்டாக்களை முக்கும்போது ஒரு கூடை கைதவறி பக்கெட்டுக்குள்ளேயே விழுந்தது.

ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை. புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, அவளுக்குக் காலை ஏழரை, கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். அதுவும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை மணி அடித்து ஓய்ந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த ஊரில் எனக்கு வேறு யாருடைய நம்பரும் தெரியாது. ஒரு பெண்ணைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு, அவள் பக்கத்து வீட்டுக்காரர் பேர்கூடத் தெரியாமல் வேரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கீழே பில்டிங் கேட்டில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது ஸ்டார்ட் ஆகவே இல்லை.

நாலாவது தடவை எடுத்தாள். திரை முழுக்க இருட்டு. படுக்கையில் இருந்தாள் என்று போர்வைச் சத்தத்தில் தெரிந்தது.

"என்னப்பா, இன்னிக்கு ஞாயித்துக்கெழமை இல்லையே?"

பழக்கம் வாயில் வந்து நின்றது. "செடி எப்படி இருக்கு?"

கேட்ட மறுகணம் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"திட்டாதீங்கோப்பா" என்றாள். சின்ன வயசில் ரிப்போர்ட் கார்டை நீட்டும்போது பேசுகிற குரல். "அது போயிடும் போலிருக்கு. நீங்க சொன்னதெல்லாம் பண்ணினேன். என்னால முடியலை. எழுந்துக்கவே முடியலைப்பா."

"செடி கெட்டது உன்னால இல்லைம்மா. குழாய்த் தண்ணிய நேரா பிடின்னு சொன்னது நான்தானே. அங்க அது ஐஸா இருக்கும்னு எனக்குத் தெரியலை. பாதி வேர் அப்பவே செத்துப்போச்சு. தப்பு என்னுது."

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"நவம்பர்லயே."

"இதை அப்பவே ஏன்பா சொல்லலை? நான் கைவெச்சா ஒண்ணும் உருப்படாதுன்னு… ரெண்டு மாசமா அதையேதான் நெனைச்சிண்டு படுத்துண்டிருக்கேன். செடி, வேலை, எல்லாம்."

சமாதானம் சொல்லத் தேடினேன். உண்மை ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"உங்கிட்ட தப்புன்னு ஒத்துக்க பயமா இருந்ததும்மா. இப்போ அதைவிட பயமா இருக்கு. உன்னை நெனைச்சு."

அவள் அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் கேட்டுப் பல வருஷமாகிவிட்டது. அழட்டும் என்று விட்டேன். இருட்டாக இருந்த திரையில் அவள் முகம் இருக்கிற இடம் எது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குப்பா" என்றாள் கடைசியில். "போனை வெக்காதீங்கோ."

"வெக்கலை."

சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாள். உள்ளே போய் சார்ஜரை எடுத்து வந்து, நான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே என் போனில் சொருகிவிட்டு, கீழே என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.