வரிசையாக வைத்த ஆறு கட்டைகள்

அவன் எங்கள் இசைக்குழுவுக்கு வந்த அன்றே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. கே.கே. நகரில் வீடு, பேங்க் வேலை, முறையாக கிளாஸ் போய்க் கற்ற கிட்டார். நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு டூவீலர் பட்டறைக்குப் போனவன். காதால் கேட்டுக் கேட்டே வாசித்துப் பழகியவன். பதினோரு வருடமாக லீட் கிட்டார் என்னுடையது. பாட்டுக்கு நடுவே தனியாக வரும் அந்த வாசிப்புக்குத்தான் கூட்டம் விசிலடிக்கும். அவனுக்கு என் பின்னால் நின்று ரிதம் கிட்டார் போடும் வேலை. எத்தனை நாளைக்கு அப்படியே நிற்பான் என்ற கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆயுத பூஜை முடிந்த ஞாயிறு ஒத்திகை. நான்கு தடவை சுருதி சேர்த்தேன், எனக்கு ஒரு தடவை போதாது. அமுக்காத வெறும் கம்பியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கை கிட்டார் கழுத்தில் பன்னிரண்டாவது ஃப்ரெட் கட்டம் வரை ஏறியதும் சுருதியும் கூடவே ஏறியது. கீபோர்டு வாசிக்கும் எங்கள் குழுத் தலைவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"புளியங்காயக் கடிச்ச மாதிரி பல்லு கூசுது மாப்ள. கம்பிய மாத்து."

மாற்றினேன். புதுக் கம்பியிலும் அதே கூச்சம்.

"வெள்ளிக்கிழமை கொட்டாம்பட்டிப் பக்கம் திருவிழாக் கச்சேரி. அதுக்குள்ள சரியாகலேன்னா லீட தம்பி வாசிக்கட்டும். நீ ரிதம் புடி."

தம்பி என்றால் அவன். ஒத்திகைக்கு முன் நான் டீ குடித்துவிட்டு வந்தபோது என் கிட்டார் அவன் மடியில் இருந்தது உடனே நினைவுக்கு வந்தது. ஏதோ செய்திருக்கிறான். இரண்டு நாள் அதையே நினைத்துப் புரண்டேன். புதன்கிழமை கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கே போனேன்.

"என் கிட்டார்ல கை வச்சியா தம்பி?"

"சும்மா வாசிச்சுப் பாத்தேண்ணே, அம்புட்டுதான். உள்ள வாங்க."

கிட்டாரை வாங்கி மடியில் வைத்து உட்கார்ந்தான். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே தடித்த கம்பியை விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டினான். மணி போல ஒலித்தது. பிறகு அதே இடத்தில் அமுக்கி மீட்டினான்.

"ரெண்டும் ஒண்ணாக் கேக்கணும்ணே. அமுக்குனா ஏறுது பாருங்க. கம்பிக்கு நீளம் பத்தல."

கீழே பிரிட்ஜைப் பார்த்தான். கம்பிகள் ஏறி உட்காரும் ஆறு குட்டி இரும்புக் கட்டைகளும் நூல் பிடித்தது போல ஒரே நேராக நின்றன.

"யாருண்ணே இதுகள இப்படி ப்ரேயருக்கு நிக்க வச்சது? ஒண்ணொண்ணும் முன்னப் பின்னத்தானே நிக்கணும்!"

எனக்குக் காது சூடானது. பூஜைக்குப் பட்டறை ஸ்பேனர்களோடு சேர்த்து பிரிட்ஜையும் பிரித்து, பெட்ரோலில் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து மாட்டியவன் நானே. பட்டறையில் கோணலாக இருந்தால் தப்பு, அதனால் நேராக்கினேன். பிறகு ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் சந்தனப் பொட்டு.

"தெரியலையே" என்றேன்.

ஸ்க்ரூவின் வெட்டுக்குள் காய்ந்து கிடந்த சந்தனத்தை அவன் ஸ்க்ரூடிரைவர் முனையால் நோண்டி எடுத்தான். விரலில் தேய்த்துப் பார்த்தான். என்னை ஒரு தடவை பார்த்தான். கட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்து, போனில் சுருதி பார்த்து, ஒவ்வொரு கம்பியாக முடித்தான். அரைமணி நேரம். அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க இன்னும் எரிந்தது.

வெள்ளிக்கிழமை, மேடையில் சவுண்ட் பார்க்கும்போது தலைவர் சிரித்தார்.

"இப்பத்தான்டா கிட்டாரு! யாரு சரி பண்ணது?"

"நாந்தாண்ணே." வாய் முந்திக்கொண்டது.

பின்னால் ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். செத்தேன் என்று நினைத்தேன்.

"ஆமாண்ணே, அண்ணனே பாத்துட்டாரு" என்றான்.

அன்றைக்கும் விசில் வந்தது. லீட் இன்றும் என்னிடம்தான். இப்போது ஆயுத பூஜைக்குக் கிட்டார் பெட்டிக்கு மட்டும் பொட்டு வைக்கிறேன். அவன் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் அவனை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.