ஏசித் தண்ணீரில் முளைத்த புல்

சித்தப்பா விசிட் விசாவில் அபுதாபிக்கு, நாங்கள் இருந்த முசஃபாவுக்கு வந்திறங்கிய வாரத்தில்தான் என் தோட்டமும் முளைத்தது. தோட்டம் என்று நான்தான் சொல்லிக்கொள்வேன். ஜன்னலில் தொங்கிய கூண்டிலிருந்து லவ் பேர்ட்ஸ் தீனியில் பாதியை வெளியே சிந்தும். ஏசித் தண்ணீரும் அதே இடத்தில் சொட்டும். மணலும் சிமெண்டுத் தூளுமாகக் கிடந்த சந்தில் ஒரு பாய் அகலத்துக்குப் புல் கிளம்பிவிட்டது. எனக்கு ஏழு வயது. எங்கள் வீட்டில் வயல் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் வயலைக் காணோம். சித்தப்பா அத்தனையையும் பிடுங்கி, வேர் மேலே தெரிய வெயிலில் காயப் போட்டிருந்தார். நான் போட்ட கூப்பாட்டில் அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்தாள்.

“பாப்பா, இது குதிரைவாலிப் புல்லு. நெல்லு மாதிரியே நின்னு நெல்லையே அழிச்சுடும். கதிர் விட்டுச்சுன்னா அவ்ளோதான்” என்றார் சித்தப்பா.

இங்கே ஏது நெல் என்று கேட்டேன். அவர் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

தீனி விழ விழப் புல்லும் முளைத்தது. தினமும் சித்தப்பா அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை தேடிக் கிளம்புமுன் சந்தில் குந்திக் களையெடுத்துவிட்டுத்தான் போவார். ஊரில் இந்தப் புல் எந்த மருந்துக்கும் மசியாமல் பரவி, விளைச்சல் படுத்துப்போய், நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று அம்மா சொன்னாள். எனக்கென்ன வந்தது? மனுஷன் எப்போது கிளம்புவார் என்றிருந்தது.

கராஜ் கராஜாக ஏறி இறங்கினார். வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று இழுத்தடித்த ஒரு வெல்டிங் பட்டறையும் கடைசியில் கலாஸ், முடிந்தது போ என்றுவிட்டது.

அதற்கப்புறம் சித்தப்பா வெளியே போகவில்லை. சந்துக்கும் வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். புல் என் இடுப்புவரை வளர்ந்து, ஊதாக் கதிர் விட்டுச் சாய்ந்தது. களையெடுக்கப் பிறந்த மனுஷன் ஒரு களையை அப்படி வளரவிட்டால் அவருக்குள் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாகக் குதித்தேன்.

விசா முடிந்து அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று, இருந்ததிலேயே நல்ல கதிராகப் பார்த்து ஒடித்து அவர் சட்டைப் பையில் செருகினேன். “ஊர்ல போடுங்க சித்தப்பா” என்றேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

சித்தப்பா கதிரை எடுத்து என் கையிலேயே வைத்தார். பையைக் கவிழ்த்து, உதிர்ந்திருந்த மணிகளையும் தட்டிவிட்டார்.

“அங்க நெறைய இருக்கு பாப்பா. நீயே வச்சுக்க.”

ஆசையாகக் கொடுத்ததை வேண்டாம் என்றுவிட்டாரே என்று எனக்கு அப்படியொரு கோபம். கார் திரும்புகிறவரை ஜன்னலில் கையை ஆட்டிக்கொண்டே போனார். நான் டாட்டா காட்டவேயில்லை.