ஏழாம் நம்பருக்கு மூணு ஓட்டு

ஆறு நாள் ஆபீஸில் மேனேஜரிடம் திட்டு வாங்கிவிட்டு, ஏழாம் நாள் மைதானத்தில் ஊரே கூடித் திட்டட்டும் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவதுதான் அம்பயர் உத்தியோகம். எந்த ஆட்டத்துக்காவது விசில் ஊதி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

முட்டைப் பந்து

மெல்போர்னில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு குரோம்பேட்டைக்குத் திரும்பிய சீனிவாசன் சார் ஆரம்பித்த லீக் எங்களுடையது. ஆஸ்திரேலியாக்காரர்கள் ஆடும் ஃபுட்பால். பந்து முட்டை மாதிரி இருக்கும், கையிலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். பொழிச்சலூரில் ஒரு பொட்டல், நாலு டீம். எப்போதோ ஹாக்கிக்கு ஊதினவன் என்ற ஒரே தகுதியில் என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

முதல் மேட்சிலேயே சனி பிடித்தது. தலைக்கு மேல் விமானம் இறங்குகிற நேரம் பார்த்து ஃபவுல் ஊதினேன். யார் காதிலும் விழவில்லை. பம்மல் டீம் பாட்டுக்கு ஓடிப்போய் கோல் போட்டுவிட்டது. செல்லாது என்றேன். அவ்வளவுதான், சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுடைய கேப்டன் அப்பு மட்டும் நிதானமாக வானத்தைக் காட்டிச் சொன்னான்: "நீ ஊதுனது எங்களுக்குக் கேக்கல சார். பைலட்டுக்குக் கேட்டுதான்னு வேணா விசாரிச்சுகினு வா."

வாலா, நடுத்துண்டா

ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் அம்பயர் யாரிடமும் பேசாமல், ஒரு கார்டில் மூன்று பனியன் நம்பர்களை எழுத வேண்டும். நன்றாக ஆடியவனுக்கு மூணு ஓட்டு, அடுத்தவனுக்கு ரெண்டு, அதற்கடுத்தவனுக்கு ஒண்ணு. கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். சீசன் முடிந்து விழா மேடையில்தான் பிரிப்பார்கள். அதிக ஓட்டு வாங்கினவன் சிறந்த, நேர்மையான ஆட்டக்காரன். ஆனால் யாரையாவது அடித்து ஒரே ஒரு மேட்ச் சஸ்பெண்ட் ஆகியிருந்தாலும், எத்தனை ஓட்டு வாங்கியிருந்தாலும் பரிசு கிடையாது. ஜெயிக்கிறவனை சீனிவாசன் சார் தனக்குத் தெரிந்த ஒரு ஆஸ்திரேலிய சிற்றூர் கிளப்புக்கு ஒரு சீசன் அனுப்புவார். வாரநாளில் ஆப்பிள் பேக்கிங் வேலை, சனிக்கிழமை ஆட்டம். டிக்கெட் கிளப்புடையது.

பம்மல் டீமில் ஏழாம் நம்பர் தீனா, தோல் கையுறை தைக்கிற ஒரு பட்டறையில் கட்டிங் வேலை பார்ப்பவன், சீசன் ஆரம்பிக்கும் முன்பே பாஸ்போர்ட் எடுத்து வைத்துவிட்டான். தங்கமான ஆட்டம். யாரையாவது தட்டிவிட்டால் கை கொடுத்துத் தூக்கிவிட்டுத்தான் ஓடுவான். அவன் அம்மா பம்மல் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். ஒருநாள் வஞ்சிரம் வாங்கப் போனேன். பையனுக்கு ஓட்டு விழுந்துதா என்று கேட்டார். அதெல்லாம் ரகசியம்மா, சொல்லக்கூடாது என்றேன். கத்தியை மீன் மேல் வைத்துக்கொண்டு சொன்னார்: "நீ வாயால சொல்லாத சார். வால் பக்கம் போடவா, நடுத்துண்டு போடவா, அத்த மட்டும் சொல்லு."

விசாரணை

நடுத்துண்டுதான் வாங்கி வந்தேன். அந்தம்மாவுக்கு அந்த ஆசையை நான் கிளப்பியிருக்கக் கூடாது.

கடைசி லீக் மேட்ச் அன்றைக்கு அடைமழை. மைதானம் முழுக்கச் சேறு. மூன்றாவது கால்பாகத்தில் பம்மலின் ஏழாம் நம்பர், எதிர் டீம் பையன் தாடையில் முழங்கையால் ஒரு இடி இடித்தான். பல் தெறித்து, ஒரே ரத்தம். எனக்குத் தெரிந்தது முதுகும் நம்பரும்தான். முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் சேறுதான் தெரிந்திருக்கும். இந்த ஆட்டத்தில் அடித்தவனை அங்கேயே வெளியேற்றுவது கிடையாது, ரிப்போர்ட்தான். ஏழாம் நம்பர் மேல் எழுதினேன். மிச்ச நேரமெல்லாம் ஏழாம் நம்பர் அற்புதமாக ஆடியதால் அதே கையால் கார்டில் அவனுக்கு மூணு ஓட்டும் எழுதினேன். அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் சீனிவாசன் சார் வீட்டு ஹாலில் லீக் கமிட்டி விசாரணை. அடித்தாயா என்று தீனாவைக் கேட்டார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்னைக் கேட்டார்கள், முகத்தைப் பார்த்தீர்களா, இவர்தானா என்று. எட்டு வருஷத்தில் என் ரிப்போர்ட் ஒன்றுகூடத் தள்ளுபடி ஆனதில்லை. அந்தத் திமிர். பார்த்தேன் சார், இவர்தான் என்றேன். ஒரு மேட்ச் சஸ்பென்ஷன். வாசலில் செருப்பு மாட்டும்போது கமிட்டி மெம்பர் ஒருவர் என் முதுகில் தட்டினார்: "அம்பயர்னா இப்படி இருக்கணும் சார், துளிகூட தயங்கல பாருங்க."

கவர் பிரித்த அன்று

தீனா இல்லாமலே பம்மல் ஃபைனலில் ஜெயித்தது. அவன் கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு நின்றான். தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. கவர் கவராகப் பிரித்து வாசித்தார்கள். தீனாதான் முதலிடம், நாலு ஓட்டு அதிகம். பெயரை வாசித்துவிட்டு, தகுதி இல்லை என்றும் வாசித்தார்கள். அடுத்த இடத்தில் இருந்த சேலையூர்ப் பையனுக்குப் பரிசு போயிற்று. தீனா கை தட்டினான். கடைசி வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா, எல்லோரும் தட்டுகிறார்களே என்று பாதி விஷயம் புரியாமலே தட்டினார். நான் பாத்ரூம் போகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அப்பு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். அந்த மழை மேட்ச் அன்றைக்கு அவன் பனியன் இடைவேளையில் கிழிந்துவிட்டதாம். மாற்றுப் பனியன் கிடையாது. தீனாவுக்குக் கால் பிடித்துக்கொண்டதால் மூன்றாவது கால்பாகம் மட்டும் உட்கார்ந்தான், அவன் பனியனை மாட்டிக்கொண்டு இறங்கியது அப்பு. இடித்ததும் அப்பு. அடுத்தவன் நம்பரில் ஆடினால் டீமுடைய பாயின்ட் அத்தனையும் போய்விடும் என்பது விதி. ஃபைனலே கிடையாது. அதனால் தீனா யாரையும் பேசவிடவில்லை. சொல்லிவிட்டு அப்பு அழுதான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. என்னை யார் அறைவது?

சீனிவாசன் சாரிடம் ஓடினேன். சேலையூர்ப் பையன் விமானம் ஏறி ஒரு வாரம் ஆகிறது, இனிமேல் கிளறினால் கோப்பையும் போகும், ஊர் மானமும் போகும் என்றார்.

அங்கிருந்து நேரே பட்டறைக்குப் போனேன். தீனா தோலை வெட்டிக்கொண்டிருந்தான். ஆட்டத்தை விட்டுவிட்டானாம், ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். தப்பு பண்ணிட்டேன் தீனா என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டான். ஏம்ப்பா அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். கத்தரியைக் கீழே வைத்தான். குரலை உயர்த்தவே இல்லை: "நான் வாயத் தொறந்தா டீமே போய்டும் சார். நீங்க மூஞ்சிய பாக்கலன்னு சொல்லியிருந்தா போதும். அதான நெஜம்?"

இந்த சீசன் கார்டில் நம்பருக்குப் பக்கத்தில் ஆட்டக்காரர் பெயர் எழுத ஒரு கட்டம் சேர்த்து, அதை எப்படி நிரப்புவது என்று புது அம்பயர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பை, அனுபவஸ்தன் என்று, என்னிடமே கொடுத்திருக்கிறார்கள்.