காயாத நாய்

என் மகள் கம்ப்யூட்டரில் மிருகங்களுக்கு முடி வைக்கிறவள். பிள்ளைகள் பார்க்கும் பொம்மைப் படங்களில் நாயும் பூனையும் ஓடுமே, அவற்றின் உடம்பை வேறு யாரோ செய்து அனுப்புவார்கள். மொட்டையாக வரும். முடி வைத்து, சீவி, நிஜ நாய்போல ஆக்குவது இவள் வேலை.

கோலாலம்பூர் கம்பெனி, ஒரு நாயை மட்டும் வீட்டிலிருந்து செய்து காட்டச் சொல்லியிருந்தது. சரியாக வந்தால் இங்கேயே இருந்து வேலை செய்யலாம். வராவிட்டால் அங்கே போய்விட வேண்டும். மலைமேல் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் நாங்கள் இருவர்தான். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

எல்லா முடியையும் அவள் சீவுவதில்லை. அங்கங்கே சில முடிகளை மட்டும் வளைத்து விடுவாள். மற்றவை அவற்றைப் பார்த்து அதே பக்கம் சாய்ந்துகொள்ளும்.

“அப்போ இதெல்லாம் கங்காணி முடியா?” என்று கேட்டேன்.

“ஆமாம்மா. மத்ததெல்லாம் பின்னாலேயே போவும்.”

எங்கள் வீட்டுச் சடைநாயைப் பார்த்துத்தான் செய்தாள். அப்படியே அச்சாக வந்திருந்தது. கம்பெனியின் மேலாளர் கம்ப்யூட்டரில் பேச வந்ததும், அவர் கண்ணில் படாமல் நான் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றேன்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏன் குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கு? கதையில வெயில் அடிக்குது லா.”

“காஞ்ச நாய்தான் சார் அது.”

“இதா காஞ்ச நாய்? உங்க ஊர்ல துண்டே கிடையாதா?” சிரித்தார். “வெள்ளிக்கிழமை மறுபடி காட்டுங்க. அப்பவும் இப்படியே இருந்தா இங்க வந்துதான் செய்யணும்.”

அவர் போனதும் இருவரும் அந்த நாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

“நாய்னா இப்படித்தானே இருக்கும்?” என்றேன்.

“எனக்கும் அப்படித்தாம்மா தெரியுது.”

பிறகு எழுந்து, வாசலில் படுத்திருந்த நாயைத் தடவி, உள்ளங்கையை என்னிடம் காட்டினாள். ஈரம். தேயிலைக்குள் பனியில் அலைகிற நாய். முடியின் நுனிகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. அது பிறந்ததிலிருந்து நாங்கள் பார்த்த முடி அதுதான்.

“அம்மா, இவன கொஞ்சம் புடிச்சிக்க,” என்று தலை காயவைக்கும் மெஷினை எடுத்து வந்தாள்.

சாரோங்கில் சுற்றி மடியில் பிடித்துக்கொண்டேன். சத்தத்துக்குப் பயந்து தலையை என் கைக்குக் கீழே நுழைத்துக்கொண்டது. முடி ஒவ்வொன்றாகப் பிரிந்து எழும்பியது. அடியில் பஞ்சுபோல வெளிறிய குட்டி முடி இருந்தது. நான் கண்டதே இல்லை. இறக்கி விட்டதும் இரண்டு மடங்கு பருத்து நின்றது.

“யாரு வீட்டு நாய் இது?” என்றேன்.

“மாப்பிள்ளையாட்டம் இருக்கான்லா,” என்று சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள்.

பிறகு கம்ப்யூட்டர் நாய்க்கும் அதேபோல நுனிகளைப் பிரித்து விட்டாள், அடியில் குட்டி முடி வைத்தாள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். முடிந்ததா என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடியும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன்.

“ம், இப்ப வெயில்ல நிக்குது,” என்றார் அவர். “நீங்க அங்கேயே இருந்து செய்ங்க. ஆனா எதப் பார்த்துச் செஞ்சாலும் மொதல்ல காயவைங்க லா.”

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் எதற்கென்று தெரியாமல் இன்னும் ஒரு செம்பு பச்சைத்தண்ணீரை ஊற்றினேன்.

“கேட்டியாம்மா?” என்று மகள் வந்து நின்றாள்.

“கேட்டுச்சு. நாய் வெளிய நனையுது, பாரு.”

“நனையட்டும்மா,” என்றாள்.