முத்துக்கனி மேட்சிங் சென்டர்

தூத்துக்குடியில் சேலைக்குப் பொருத்தமாக பிளவுஸ் பிட்டு எடுக்க வேண்டுமென்றால் பெண்கள் முத்துக்கனி மேட்சிங் சென்டருக்குத்தான் போவார்கள். கடைக்குப் பெயர் கொடுத்த முத்துக்கனி வீட்டுக்காரி. கடையை நடத்துகிறவர் அவள் கணவர் முத்துச்செல்வம். ஐம்பத்தெட்டு வயது, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, எந்நேரமும் சிரித்த முகம். அவருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது.

நீங்கள் வாசித்தது சரிதான். அரக்கும் கரும்பச்சையும் அந்த மனிதர் கண்ணுக்கு ஒரே துணி. தக்காளி பழமா காயா என்று அமுக்கிப் பார்த்துத்தான் சொல்வார். அப்படிப்பட்டவர் ஊரிலுள்ள அத்தனை தொழிலையும் விட்டுவிட்டு, நிறத்துக்கு நிறம் சேர்க்கிற தொழிலில் போய் உட்கார்ந்தார். கண் தெரியாதவன் வாட்ச் ரிப்பேர் கடை வைத்தது போலத்தான்.

ஆசைப்பட்டது என்னவோ கப்பலுக்கு. சாத்தான்குளத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். துறைமுகத்தில் வந்து நிற்கிற கப்பல்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவருக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்து, வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். "புள்ளிதான் தெரியுது சார்" என்றார் இவர். அத்தோடு கப்பல் கனவு முடிந்தது. சாத்தான்குளத்து மாமாவுக்கும் இதே குறை உண்டு என்று அம்மா அப்புறம்தான் சொன்னாள். அந்த மாமாவை மிளகாய் பறிக்க மட்டும் யாரும் அனுப்ப மாட்டார்களாம்.

கப்பல் போன பிறகு வந்தவள்தான் முத்துக்கனி. அவளுடைய அப்பா நடத்திய சின்னத் துணிக்கடைக்குக் கணக்குப் பார்க்கப் போனவர், மருமகனாகிவிட்டார். மாமனார் காலத்துக்குப் பிறகு அவர்கள் அதை மேட்சிங் சென்டராக மாற்றினார்கள். யோசனை முத்துக்கனியுடையது. "நான் அடுக்கித் தாரேன், நீங்க எடுத்துக் குடுங்க" என்றாள். சொன்னபடியே ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நிறம் வைத்தாள். வாசல் பக்கத்து மூன்றாம் தட்டு அரக்கு, மின்விசிறிக்கு நேர் கீழே கரும்பச்சை, படிக்கட்டை ஒட்டி வெங்காயத் தோல் நிறம். முத்துச்செல்வத்துக்கு நிறம் தெரியாவிட்டாலும் நிறம் குடியிருக்கும் வீடு தெரியும்.

மீதியை ஊர்ப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். தூத்துக்குடிப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு என்று அவர் நம்பினார். சேலையை மேஜையில் போடும்போதே நிறத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். "அண்ணாச்சி, இந்த அரக்குக்கு ஒரு பிட்டு குடுங்க." "அண்ணாச்சி, இது மயில் கழுத்து, பாத்து எடுங்க." இவர் அந்தத் தட்டிலிருந்து நாலைந்தை இறக்கி விரித்துவிட்டு, "எது ஒட்டுதுன்னு நீங்களே சொல்லுங்கக்கா, உடுத்தப் போறது நீங்கதானே" என்பார். கேட்டுச் செய்கிற கடைக்காரர் என்று நல்ல பெயர். தன் குறை வீட்டைத் தாண்டி ஒருவருக்கும் தெரியாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. முப்பது வருடம் ஒரு ஊரையே ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமா?

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் மகள் உமாராணிக்கு வரன் வந்தது. உமாராணி சென்னையில் மரபணுப் பரிசோதனை செய்கிற ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை செந்தில்முருகன் கயத்தாற்றுக்காரன், கப்பலில் அதிகாரி. ஜாதகம் பொருந்தியது, இருவருக்கும் பிடித்தது, நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தாயிற்று. விடுமுறைக்கு வந்த உமாராணி ஒரு சாயங்காலம் அப்பாவை ரோச் பூங்காவுக்கு அழைத்துப் போனாள். கடலைப் பார்த்து உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எப்பா, அவங்க வீட்டுல சொல்லிரணும்."

"எதை?" என்றார், எதை என்று தெரிந்துகொண்டே.

"ஒங்க கண்ணுல இருக்கறத. ஒங்க எக்ஸ் குரோமோசோம் அப்படியே எனக்கு வந்திருக்கு. அம்மா குடுத்த இன்னொண்ணு இருக்கதால எனக்குத் தொந்தரவு இல்ல. எனக்குப் பையன் பொறந்தா பாதிக்குப் பாதி இது வரலாம். அவரோட அம்மா, அத்தை என்ன சொல்லுதாங்க? பேரனும் கப்பலுக்குத்தான் போகணும்ங்காங்க. மறைச்சுக் கட்டிக்கிட மாட்டேன் நான். அவரு கப்பல்ல இருந்து எறங்குனதும் அவருட்ட நானே சொல்லிருதேன். அத்தைட்ட நீங்க சொல்லுங்க. அது ஒங்க கண்ணு, ஒங்க கடை. ஊரெல்லாம் தெரிஞ்சா ஒங்களுக்குத்தான் கஷ்டம்."

முத்துச்செல்வம் கடலைப் பார்த்தார். துறைமுகப் பக்கம் இரண்டு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவருக்கு இரண்டு விளக்குகள், அவ்வளவுதான்.

"இதுக்கு மருந்து கிருந்து வராதாளா?"

"வரும்ப்பா. செவப்பு தெரியாத கொரங்குக்கு ஜீனை ஊசியில ஏத்தி, தெரிய வச்சிட்டாங்க."

"அந்தக் கொரங்கு என்ன சொல்லிச்சாம்?"

உமாராணி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவள் பேசிக்கொண்டே போனாள், அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னும் ஐம்பது அறுபது வருடத்தில் பிள்ளை கருவாகும்போதே பார்த்து, வேண்டாததைத் திருத்திவிடும் காலம் வரலாம் என்றாள். இன்றைக்குச் சட்டம் விடாது, நாளைக்கு விட்டாலும் விடும் என்றாள்.

"அப்பம் பத்துப் பொருத்தம் பதினொண்ணாயிரும்" என்றார் முத்துச்செல்வம். "ஜோசியருக்குப் பதிலா லேப்காரன் வந்து, பையனுக்கு எக்ஸ்ல தோஷம்பான்."

"ஊசிதான் பரிகாரம்பான்" என்றாள் மகள். உடனே அவள் முகம் மாறியது. "பயமாவும் இருக்குப்பா. வசதி உள்ளவன் புள்ளைய செதுக்கிச் செதுக்கிப் பெத்துக்கிடுவான். மத்தவன் கெடச்சதைப் பெத்துக்கிடுவான். இப்பம் சாதி பாக்காங்க, அப்பம் ஜீன் பாப்பாங்க. கொறையோட ஒரு புள்ள பொறந்தா, ஏன் முன்னாலயே பாக்கலன்னு தாயைத்தான் கேப்பாங்க."

"இத்தனை காலமா இயற்கையே இதைக் கழிச்சுப் போடலியே. ஏன்?"

"உறுதியா யாருக்கும் தெரியாது. காட்டுல வேட்டையாடுன காலத்துல, எலைக்குள்ள பதுங்கி இருக்க மிருகம் ஒங்கள மாதிரி கண்ணுக்குத்தான் சட்டுனு தெரிஞ்சிருக்கும்னு சொல்லுதவங்க உண்டு. எல்லாரும் ஒரே மாதிரி பாத்தா எல்லாரும் ஒரே எடத்துலதான் ஏமாறுவாங்க. இன்னொண்ணு தெரியுமா? இதைச் சொமக்குத பொம்பளைங்க சில பேருக்கு மத்தவங்களைவிட நெறம் கூடத் தெரியலாம்ங்காங்க. ஆராய்ச்சி நடக்கு. ஒங்களுக்குக் கொறைஞ்சது எனக்குக் கூடியிருக்கலாம்."

முத்துச்செல்வம் மகளைத் திரும்பிப் பார்த்தார். தன் குறை மகளிடம் போய் ஒருவேளை நிறைவாகியிருக்கலாம் என்பதை அவர் கனவிலும் நினைத்ததில்லை. தன் காலத்தில் அந்த ஊசி இருந்திருந்தால் இந்நேரம் கேப்டனாகி எந்தக் கடலிலோ இருந்திருப்பார். முத்துக்கனி வேறு யாருக்கோ அலமாரி அடுக்கியிருப்பாள். இந்தப் பெண் இருந்திருக்க மாட்டாள். புள்ளிப் புத்தகத்தை விரித்த அந்த டாக்டருக்கு, இத்தனை வருடம் கழித்து, அவர் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

"சொல்லிருதேன்" என்றார் மகளிடம்.

சொல்லவில்லை. இரண்டு தடவை கயத்தாற்றுக்குப் போன் போட்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தார். சொன்னால் சம்பந்தம் முறியுமோ என்று ஒரு பயம். நிறம் தெரியாதவனா நமக்கு இத்தனை நாள் மேட்ச் பார்த்தான் என்று ஊர் கைகொட்டிச் சிரிக்குமோ என்று இன்னொரு பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் மனிதர் இளைத்தே போனார்.

அப்புறம் ஒரு நாள் மாப்பிள்ளையின் அம்மா சுடலைச்செல்வி விருந்துக்கு வருவதாக இருந்தது. மாப்பிள்ளையூரணியில் இருந்த தங்கள் வீட்டில் முத்துக்கனி பாயசத்துக்குச் சேமியா வறுத்துக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மாளோ பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகக் கடைக்கு வந்துவிட்டார். கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக மகனைக் கப்பல் அதிகாரியாக்கிய பெண்மணி, பேச்சில் சுற்றி வளைப்பதெல்லாம் கிடையாது. பையிலிருந்து ஒரு பட்டுச் சேலையை எடுத்து மேஜையில் போட்டார்.

"நிச்சயத்துக்குப் பொண்ணுக்கு எடுத்தது அண்ணாச்சி. இதுக்கு மேட்சா ஒரு பிட்டு எடுங்க. நீங்களே பாத்து எடுங்க. அப்பா கையால எடுத்ததுன்னு இருக்கட்டும்."

முத்துச்செல்வம் காத்திருந்தார். நிறத்தின் பெயர் வரவில்லை. அவருக்கு ஞாபகம் இருந்தவரை முதல்முறையாக ஒரு பெண் வெறும் துணியை மட்டும் அவர் முன்னால் போட்டுவிட்டு நிற்கிறாள். சேலை கருமையாகத் தெரிந்தது. அரக்காக இருக்கலாம், பச்சையாகவும் இருக்கலாம். சேலையின் ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன கலர் சொல்லி எடுத்தீங்க மதினி?"

"கண்ணு முன்னாலதானே கெடக்கு?" என்றார் சுடலைச்செல்வி, சிரித்துக்கொண்டே.

மேஜையின் அந்தக் கோடியில் லைனிங் துணி பார்த்துக்கொண்டிருந்தார் ஜீவமணி டீச்சர். நாசரேத்துக்காரர், வேலைக்காக அம்மாவோடு இந்த ஊருக்கு வந்து குடியேறியவர், கடையின் பழைய வாடிக்கை. அவர் தலையை நிமிர்த்தாமல், யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "எவ்வளவு அழகான கரும்பச்சை! பொண்ணுக்கு எடுப்பா இருக்கும்."

முத்துச்செல்வத்தின் கால் தானாக மின்விசிறிக்குக் கீழே போயிற்று. துணியை இறக்கினார். சேலையோடு ஒட்டி வைத்ததும், "அச்சு அசலா இருக்கே!" என்றார் சுடலைச்செல்வி. தப்பித்தாயிற்று. அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் லைனிங் துணியை ஏதோ பரீட்சைத் தாள் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் முத்துச்செல்வத்துக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தன் குறை டீச்சருக்குத் தெரியும்.

தெரிந்தும் காப்பாற்றிய ஒருத்தர் பக்கத்தில் நிற்கும்போது பொய்யோடு நிற்க அவருக்குக் கூசியது.

"மதினி, ஒரு விஷயம் சொல்லணும். எனக்குச் செவப்பும் பச்சையும் தெரியாது. பொறவியிலயே அப்படி. டீச்சர் சொல்லலன்னா இதை எடுத்திருக்க மாட்டேன். எங்க அம்மா வழியில எனக்கு வந்தது. எம்மவ வழியில அவளுக்குப் பொறக்கப்போற பையனுக்கும் வரலாம். பாதிக்குப் பாதி. வந்துட்டா ஒங்க மவன் பாக்குத வேலைக்குப் போக முடியாது. மறைக்கக் கூடாதுன்னு உமா அன்னைக்கே சொன்னா. எனக்குத்தான் தைரியம் வரல."

சுடலைச்செல்வி அவரையும் பார்த்தார், சுவர் முழுக்க அடுக்கியிருந்த நிறங்களையும் பார்த்தார். "பெறகு இந்தக் கடைய எப்படி நடத்துதீங்க?"

முத்துச்செல்வம் டீச்சர் பக்கம் திரும்பினார். "டீச்சர், ஒங்களுக்கு எப்பம் இருந்து தெரியும்?"

"எங்க அம்மா காலத்துல இருந்து" என்றார் ஜீவமணி. "கடை தொறந்த புதுசுல, அவ அரக்குச் சேலைக்கு நீங்க பச்சைத் துணி குடுத்து விட்டீங்க. அம்மா திருப்பித் தரல. தெச்சு, கோயில் அசன விருந்துக்கு அதையே போட்டுக்கிட்டுப் போனா. கேட்டவங்ககிட்ட எல்லாம், பாவம் நல்ல பிள்ளை, கண்ணுல ஏதோ கொறை, நெறத்தைச் சொல்லிக் கேளுங்கன்னுட்டா. அவ எனக்குச் சொன்னா. நான் எம்மவ ஜெப்ஸிக்குச் சொல்லிருக்கேன். ஊருல அத்தனை பொம்பளைங்களுக்கும் தெரியும் அண்ணாச்சி. வேற கடைக்குப் போனா நாங்க யாரும் கலரைச் சொல்லுதது கெடையாது."

முத்துச்செல்வம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தூத்துக்குடிப் பெண்களின் பழக்கம் என்று நினைத்திருந்தாரே, அது அவருக்காக மட்டும் உண்டான பழக்கம். அவர் கண்ணிலிருந்த குறை எப்படித் தாய் வழியாக வந்ததோ, அப்படியே இதுவும் தாயிடமிருந்து மகளுக்கு என்று வந்துகொண்டிருக்கிறது. உமாராணியின் லேபில் இதற்குப் பரிசோதனை கிடையாது. ஏமாற்றியதாக நினைத்திருந்த ஊர் இத்தனை நாளும் தன்னைக் கையில் வைத்துத் தாங்கியிருக்கிறது என்று நினைத்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. டீச்சரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். டீச்சர் வெட்கப்பட்டு, "இதுக்கெல்லாமா அண்ணாச்சி" என்றார்.

சுடலைச்செல்வி மேஜைப் பக்கம் திரும்பினார். பட்டுச் சேலையை மடித்தார். மடிப்பு சரியில்லை என்று உதறி, மறுபடி மடித்தார்.

"இனி வாற காலத்துல ஊசி போட்டு சரி பண்ணிருவாங்களோ?" என்று கேட்டார்.

"பண்ணுவாங்கன்னுதான் மவ சொல்லுதா. எப்பம்னு தெரியாது. அதை நம்பிச் சம்பந்தம் பண்ணுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

"ம்" என்றார் அந்த அம்மாள். பேரன் கப்பலில் போவதைப் பற்றி எத்தனை வருடமாக நினைத்து வைத்திருந்தாரோ, அதை விடுவதற்கும் கொஞ்சம் நேரம் வேண்டாமா? தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போய் முடிகிறவரை அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்துச்செல்வம் பச்சைத் துணியைக் கையில் பிடித்தபடி, மகளின் முகத்தை நினைத்துக்கொண்டு இருந்தார்.

சுடலைச்செல்வி பைக்குள் கையை விட்டார். இன்னொரு சேலையை எடுத்து, பிரித்து, மேஜைமேல் அவருக்கு நேராக விரித்தார்.

"இது கல்யாணத்துக்கு" என்றார். "குங்குமச் செவப்பு அண்ணாச்சி. பாத்து எடுங்க."