நூற்றியெட்டு என்று காட்டியது

பேருந்துச் சீட்டு மூன்றாவது முறையாக விழுந்தபோதுதான், கோளாறு சீட்டில் இல்லை, என் கையில் இருக்கிறது என்று பட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு ராஜபாளையம் திரும்பிக்கொண்டிருந்தோம். என் மனைவி பாக்கியம் முன்னால் பெண்கள் இருக்கையில் இருந்தாள். நடத்துநர் நீட்டிய சீட்டை வாங்க வலது கை போனது, விரல்கள்தான் மூடவில்லை.

“பெரியவரே, வாங்குறீகளா, வெளாடுறீகளா?” என்றார் அவர்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லுக்குப் பதிலாகக் கொழகொழவென்று ஒரு சத்தம் வந்தது.

“வெள்ளனயே ஏத்திக்கிட்டு வந்திருக்காரு” என்றது பின்னால் ஒரு குரல்.

பாக்கியம் திரும்பினாள். என் வாய் கோணியிருப்பதைக் கண்டுவிட்டாள். “ஏத்தவும் இல்ல, எறக்கவும் இல்ல. அவிய அதத் தொட்டதே கெடையாதுய்யா! வண்டிய ஆசுபத்திரிக்கு விடுங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் ஓட்டுநர் இரண்டு நிறுத்தங்களில் நிற்காமல் போனார். அந்த நிலையிலும் அதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எண்ணுவது என் பிழைப்பு. நூற்பாலையில் நூல் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கு வந்தது ஸ்ட்ரோக் (மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் வரும் பக்கவாதம்). இதைப் படிப்பவர் வீட்டிலும் யாருக்காவது அது வந்திருக்கலாம். வந்த பிறகு ரத்த அழுத்தத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் நான் இடறிய இடத்தைச் சொல்லவே எழுதுகிறேன். எழுதும் கை சீக்கிரம் சலித்துவிடுகிறது. விட்டுவிட்டுத்தான் எழுத முடிகிறது.

ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு நாளும், படுக்கைக்கு மேலே இருந்த திரையில் அழுத்தத்தின் மேல் அளவு (இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாயில் உண்டாகும் அழுத்தம்) நூற்று எழுபதுக்குக் கீழே வரவில்லை. யாரும் பதறவில்லை. நான் பதறினேன். இடது கையால் அழைப்பு மணியை அடித்துக்கொண்டே இருந்தேன்.

“அய்யா, மணி தேஞ்சு போவும்” என்றார் செவிலியர். “டாக்டர் வேணும்னுதான் விட்டிருக்காக.”

மறுநாள் டாக்டரம்மா வந்தார். என் மகளைவிட வயது குறைந்தவர். “இப்ப மூளையில ஒரு எடத்துக்கு ரத்தம் கொஞ்சமாத்தான் போகுது. பிரஷர சடார்னு இறக்கினா அந்தக் கொஞ்சமும் போகாது. இறக்குவோம், மெதுவா” என்றார்.

பிறகு ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாய்களின் உட்புறத்தைக் காட்டும் படம்) எடுத்தார்கள். தலைக்குள் இடது பக்கத்துப் பெரிய குழாய் ஒன்று பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. என் வலது கைக்கும் பேச்சுக்கும் உரிய பகுதிகளுக்கு ரத்தம் கொண்டுபோவது அந்தக் குழாய்தான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கொழுப்புக்கு மாத்திரை, அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை. இன்னொரு தாக்குதல் வந்தால் பேச்சு திரும்பாமலும் போகலாம் என்பதை அவர் மறைக்கவில்லை.

“அப்ப பிரஷர் எவ்வளவு இருக்கணும்?”

“உங்களுக்கு இப்போதைக்கு நூத்தி முப்பதுக்கு மேல, நாப்பதுக்குள்ள. எடுத்த எடுப்புல அதுக்குக் கீழ ஓடாதீங்க.”

நாற்பதுக்குள் என்பது மட்டும் என் காதில் தங்கியது.

கை மெல்லத் திரும்பியது. ரப்பர் பந்தைப் பிசைந்து பிசைந்து கை வலித்ததைவிட மனம் அதிகம் சலித்தது. பேச்சில் ‘ழ’ மட்டும் வெகுநாள் வரவில்லை. வாழைப்பழம் கேட்டால் பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். நடக்கலாம் என்று சொன்ன பிறகு பள்ளி மைதானத்துக்குப் போனேன். அங்கே காலையில் நடக்கும் எங்கள் வயதுக்காரர்கள் வணக்கம் சொல்வதில்லை. “உமக்கு எம்புட்டு?” என்றுதான் கேட்பார்கள். நூற்றிருபது என்று சொல்பவர் நிமிர்ந்து நடப்பார். நான் நூற்று முப்பத்தெட்டு என்பேன். ‘அடப்பாவமே’ என்பது போல ஒரு பார்வை வரும்.

போதாததற்கு என் மைத்துனன் முத்துராஜ். வன்னியம்பட்டிக்காரன், போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். அவனுக்கு நூற்றுப் பதினெட்டு.

“நீங்க பிரஷர்ட்டப் போயிக் கெஞ்சுறீக மச்சான். ரெண்டு தட்டுத் தட்டுனா அடங்கும்.”

“எதால தட்டச் சொல்லுத மாப்ள? லத்தியாலயா?”

“உப்ப நிறுத்துங்க. வயித்தக் காயப் போடுங்க. கொதிப்புங்கிறது என்ன? அடுப்புல வெறகு இருக்க வரைக்கும் கொதிக்கத்தான செய்யும்?”

ரத்தக் கொதிப்பு என்றுதானே நாமும் சொல்லிப் பழகியிருக்கிறோம். கொதிப்பது ஆறினால் நல்லது, இன்னும் ஆறினால் இன்னும் நல்லது என்றே எனக்கும் தோன்றியது. எனக்கு நூற்றிருபது வேண்டும். வந்துவிட்டால் பேச்சு பிழைத்தது என்று நம்பினேன்.

புரட்டாசி வந்தது. சனிக்கிழமை விரதம் எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு. படையல் முடியும் வரை பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படாது. பாக்கியம் இந்த வருடம் என் பேரில் நேர்ந்திருந்தாள். டாக்டரைக் கேட்போமா என்று மகள் போனில் சொன்னாள். சாமி காரியத்துக்கு என்ன டாக்டர் என்று நான்தான் வாயை அடைத்தேன். மாத்திரை மட்டும் தவறக் கூடாது என்பதால், அழுத்த மாத்திரை இரண்டையும் ஒரு மடக்குத் தண்ணீரில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டேன். அன்று வெயில் கடுமை. புழுக்கத்தில் பனியன் நனைந்தது.

உச்சிவேளைக்கு முத்துராஜ் தன் அழுத்தமானியோடு வந்தான். படையலுக்கு முன் பார்த்துவிடுவோம் என்று நாற்காலியில் உட்காரவைத்துப் பட்டையைக் கட்டினான். கருவி உறுமியது, இறங்கியது, நின்றது.

நூற்றியெட்டு.

“அக்கா! இங்க வந்து பாரு. நூத்தியெட்டு!”

பாக்கியம் கரண்டியோடு ஓடிவந்தாள். எண்ணைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நூற்றியெட்டுத் திருப்பதிகளில் ஒன்றான ஊருக்குப் பெண் கொடுத்தவர்கள் நாங்கள். புரட்டாசிச் சனிக்கிழமை, படையல் வேளையில், பெருமாளின் எண்ணே அந்தச் சின்னக் கருவியில் வந்து நின்றால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? லேசாகத் தலை சுற்றுவது எனக்குத் தெரிந்தது. பசி என்று நினைத்தேன். நூற்றிருபதையும் தாண்டிக் கீழே வந்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தது.

“கோவிந்தா!” என்றான் முத்துராஜ்.

“எந்திரிங்க, ஒங்க கையால துளசியப் போடுங்க” என்றாள் பாக்கியம், தீர்த்தச் செம்பை நீட்டி.

எழுந்தேன். செம்பை வாங்கினேன். அது விழுந்து உருண்டது. குனிந்து பார்த்தேன், வலது கை என்னுடையது போலவே இல்லை. பாக்கியத்தின் பெயரைச் சொன்னேன். வந்தது பேருந்தில் வந்த அதே சத்தம்.

“நூத்தியெட்டு! ஏலே, நூத்தியெட்டு!” என்று கத்தினாள் அவள்.

கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த முத்துராஜ் திரும்பாமலே, “கோவிந்தா! கோவிந்தா!” என்றான்.

“கோவிந்தா போடுற நேரமாலே! வண்டிய வரச் சொல்லுலே! மச்சான் விழுதாக பாரு!”

அவன் போலீஸ்காரன்தான் என்பதை அதன் பிறகு காட்டினான். என்னைத் தாங்கித் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்தான். பாக்கியம் தலைக்கு வைத்த தலையணையை எடுத்துவிட்டான். எதையும் குடிக்கக் கொடுக்கவிடவில்லை. போனில் முகவரியைத் தெளிவாகச் சொன்னான். நான் கூரையைப் பார்த்துக் கிடந்தேன். பேச்சு போய்விட்டது, பந்தைப் பிசைந்த நாளெல்லாம் வீண் என்று நினைத்தேன். பயத்தைவிட அலுப்புதான் அதிகமாக இருந்தது. மறுபடியும் முதலிலிருந்தா?

நூற்றியெட்டு ஆம்புலன்ஸ் வண்டியில் ஏற்றிக் கையில் சலைன் (உப்புக் கரைசல் நீர்) ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் விரல்கள் அசைந்தன. “பாக்கியம்” என்றேன். பெயர் முழுதாக வந்தது. அவள் அழுதாள், நடுவே முத்துராஜைத் திட்டினாள்.

மூளையை எடுத்த ஸ்கேன் படத்தில் புதிய சேதம் எதுவும் இல்லை. வந்தது டி.ஐ.ஏ. (சிறிது நேரம் ரத்தம் குறைந்து, பிறகு தானே சரியாகும் தாக்குதல்). தப்பிவிட்டோம் என்று அதை விட்டுவிடக் கூடாது, அது எச்சரிக்கை என்றார் டாக்டரம்மா. பட்டினி, தண்ணீர் இல்லை, வியர்வை, மாத்திரை, அதோடு சட்டென்று எழுந்தது. எல்லாம் சேர்ந்து அழுத்தத்தை இறக்கிவிட்டன.

“குழாய் சுருங்கியிருக்கு அய்யா. அதுல ரத்தம் போகணும்னா பின்னாலருந்து ஒரு தள்ளு வேணும். அந்தத் தள்ளும் போச்சுன்னா?”

“அப்பன்னா மாத்திரைய நிறுத்திரலாமா?” என்றான் முத்துராஜ். “ஊறுகா, கருவாடு எல்லாம் குடுக்கலாமா?”

“உங்கள யாரு கூட்டிட்டு வந்தது?” என்றார் அவர்.

நிறுத்தக் கூடாது. அழுத்தம் கூடினால் அடுத்த ஸ்ட்ரோக் அந்த வழியாகவும் வரும். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் அவர் மாற்றிக் கொடுத்தார். உட்கார்ந்தும் நின்றும் அழுத்தத்தைப் பார்க்கச் சொன்னார். விரதம் என்றால் முதலில் தன்னிடம் கேட்கச் சொன்னார். என் எல்லை எனக்கு. உங்கள் குழாயின் நிலை தெரியாமல் என் எண்ணை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் டாக்டரிடம், எதற்கு மேல் போகக் கூடாது என்று கேட்கும்போதே எதற்குக் கீழ் என்றும் கேளுங்கள்.

ஆலையில் நாற்பதாம் நம்பர் நூல் என்றால் நாற்பதுதான். எண் ஏறினால் நூல் மெலிந்து அறும், இறங்கினால் தடித்துப்போகும். இரண்டையும் கழித்துத்தான் என் வேலைக்காலம் போனது. சொந்த உடம்புக்கு அது நினைவு வரவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கொஞ்ச நாள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

மைதானத்தில் இப்போதும் “எம்புட்டு?” என்கிறார்கள். நூற்று முப்பத்தாறு என்கிறேன். அந்தப் பார்வை இப்போதும் வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும்.

படுக்கையிலிருந்து எழுந்ததும் நிற்கக் கூடாது, விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார வேண்டும் என்பது உத்தரவு. முன்பெல்லாம் எழுவதும் நிற்பதும் எனக்கு ஒரே காரியம். இப்போது அவற்றுக்கு நடுவில் ஒரு காலம் முளைத்திருக்கிறது. நாள் அங்கேதான் தொடங்குகிறது. வாய்விட்டு எண்ணுகிறேன். பேச்சு இருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். ஏழில் ‘ழ’ வந்தால் பாதி நிம்மதி. வலது கையை மூடித் திறக்கிறேன். நூற்றியெட்டு என்னும்போது, பாக்கியம் எங்கே இருந்தாலும் வந்து பக்கத்தில் நிற்கிறாள். இரண்டு நிமிடத்துக்கு நூற்றிருபது விநாடி. நான் ஆசைப்பட்ட எண் இப்படித்தான் எனக்குக் கிடைத்தது. அதுவரை எண்ணிவிட்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறேன்.